கல்லூரிச் சேர்க்கையில் முன்னுரிமை இனத்துக்கா, ஏழ்மைக்கா? அமெரிக்க விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்க்கும்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இனம் இருந்த இடத்தில் ஏழ்மையை வைத்தால் போதுமா என்ற பழைய கேள்வி அதற்குப் பிறகு புது வேகம் பெற்றிருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விடைகளில் எழுதுபவரின் கருத்தும் கலந்திருக்கிறது. எது கருத்து, எது தகவல் என்பது படிக்கும்போதே புலப்படும்.

இந்த முன்னுரிமை எப்படித் தொடங்கியது?

இன்று நாம் அறியும் பொருளில் 'அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்' (வாய்ப்பு மறுக்கப்பட்டோரை முனைந்து சேர்க்கும் நடவடிக்கை) என்ற தொடர் 1961 மார்ச்சில் அதிபர் கென்னடி பிறப்பித்த ஆணையில் இடம்பெற்றது. அந்த ஆணை கல்லூரிகளைப் பற்றியதன்று. அரசு ஒப்பந்தக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய அதிபர் ஜான்சன், ஆண்டாண்டு காலமாகச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த ஒருவரை அவிழ்த்துவிட்டு, பந்தயக் கோட்டில் நிறுத்தி, இனி எல்லோரோடும் போட்டியிடலாம் என்று சொல்லிவிட்டால் அது நியாயமாகிவிடாது என்ற கருத்தை முன்வைத்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கின.

இது நம்மூர் இடஒதுக்கீட்டைப் போன்றதா?

இல்லை. இத்தனை இடங்கள் இன்ன பிரிவினருக்கு என்று எண்ணி ஒதுக்குவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இலேயே தடை செய்துவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, தன்னிடமிருந்த 100 இடங்களில் 16 இடங்களைத் தனித் திட்டத்தின் கீழ் ஒதுக்கியிருந்தது. ஆலன் பாக்கி என்ற வெள்ளை இன விண்ணப்பதாரர், இரண்டு முறை இடம் மறுக்கப்பட்ட பிறகு வழக்குத் தொடுத்தார். இடங்களை ஒதுக்குவது செல்லாது, ஆனால் பல அம்சங்களுள் ஒன்றாக இனத்தையும் கருதலாம் என்பதே அந்த வழக்கின் முடிவு.

அந்த வழக்கில் பலர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. டேவிஸ் கல்லூரியின் தனித் திட்டம், பொருளாதாரத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கானது என்றுதான் முதலில் விண்ணப்பப் படிவத்தில் சொல்லப்பட்டிருந்தது. ஏழை வெள்ளையர்களும் திரளாக விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் திட்டத்தின் கீழ் இடம் கிடைக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆக, இனமா ஏழ்மையா என்ற சிக்கல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதன்று. முதல் பெரிய வழக்கின் விண்ணப்பப் படிவத்திலேயே அது இருந்தது.

நடைமுறையில் எவ்வளவு முன்னுரிமை தரப்பட்டது?

பெரும்பாலான கல்லூரிகள் இதை வெளியே சொல்வதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் மட்டும் ஒரு காலத்தில் மதிப்பெண் பட்டியலே வைத்திருந்தது. 2003ஆம் ஆண்டு வழக்கில் அது பொதுவெளிக்கு வந்தது. மொத்தம் 150 புள்ளிகள்; 100 எடுத்தால் இடம் உறுதி. கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்), அமெரிக்கப் பழங்குடியினர் என்றால் 20 புள்ளிகள். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் முழு மதிப்பெண் எடுத்தாலே 12 புள்ளிகள்தான் என்பதால் எதிர்ப்பாளர்கள் இந்த 20ஐப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே 20 புள்ளிகளை, பொருளாதாரத்தில் பின்தங்கிய எந்த இனத்து மாணவரும் பெறலாம் என்றும் பட்டியலில் இருந்தது. விளையாட்டு வீரராகத் தேடிச் சேர்க்கப்பட்டவருக்கும் அதே 20 உண்டு. இரண்டு காரணங்கள் பொருந்தினாலும் ஒருமுறைதான் பெற முடியும். கறுப்பின ஏழை மாணவர் தன் ஏழ்மைக்காகத் தனியாக எதையும் பெறவில்லை என்பதே இதன் பொருள். பெற்றோர் அதே பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் 4 புள்ளிகள்.

இயந்திரகதியில் புள்ளி போடும் இந்த முறையை நீதிமன்றம் செல்லாது என்றது. அதே நாளில், அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே ஆராய்ந்து இனத்தையும் கருதிய முறையை 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. வெளிப்படையாகப் புள்ளி போட்டது தவறு, மனத்துக்குள் வைத்துக்கொண்டு முடிவெடுத்தது சரி என்றாகிவிட்டதே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

2023 தீர்ப்பு என்ன சொன்னது?

ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட இரு வழக்குகளில், ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின்படி, விண்ணப்பதாரரின் இனத்தைப் பார்த்து முன்னுரிமை தருவது எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதி செய்யும், அரசமைப்பின் 14ஆம் திருத்தத்துக்கு எதிரானது. இனத்தால் தன் வாழ்வில் நேர்ந்ததை மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் படித்து, அவருடைய மன உறுதியையோ திறனையோ மதிப்பிடலாம் என்று ஒரு வாசல் மட்டும் திறந்து வைக்கப்பட்டது. ஏழ்மைக்கு முன்னுரிமை தருவதைத் தீர்ப்பு தடுக்கவில்லை.

கறுப்பின மருத்துவரின் மகளுக்குச் சலுகை, வெள்ளையினச் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இல்லை என்பது எப்படி நியாயம்?

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பராக் ஒபாமா 2007இல் அளித்த ஒரு பேட்டியில், தம் மகள்களைக் கல்லூரிச் சேர்க்கை அதிகாரிகள் வசதியான வீட்டுப் பிள்ளைகளாகவே கருத வேண்டும் என்றும், ஏழ்மையில் வளர்ந்து சாதித்த வெள்ளையினப் பிள்ளைகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். 2022ஆம் ஆண்டுக் கணக்கில், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் ஒன்றரைக் கோடிக்கு மேல். கறுப்பினத்தவர் ஏறத்தாழ முக்கால் கோடி. விகிதத்தில் கறுப்பினத்தவர் இரு மடங்கு ஏழைகள் என்பது உண்மைதான் (17.1 சதவீதம், 8.6 சதவீதம்), ஆனாலும் தலைக்கணக்கில் ஏழை வெள்ளையர்களே கூடுதல். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசுவோர் உயர்கல்வி மன்றங்களில் குறைவாகவே இருந்தனர்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்வோர் பெரும்பாலும் அடுத்த படிக்குப் போவதில்லை. மருத்துவரின் மகள் சலுகை பெறக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்குக் கல்விக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சு வரும்போது கூட்டம் கலைந்துவிடுகிறது.

ஏழ்மையைக் கணக்கில் எடுத்தால், கறுப்பின மாணவர்களும் தானாகவே உள்ளே வந்துவிட மாட்டார்களா?

ஓரளவுக்கு வருவார்கள், முழுமையாக வருவதில்லை. ஹார்வர்டு வழக்கில், வழக்குத் தொடுத்த மாணவர் தரப்பே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது. இனத்தைப் பார்ப்பதை நிறுத்தி, பழைய மாணவர், நன்கொடையாளர் வாரிசுகளுக்கான சலுகைகளையும் நீக்கி, ஏழை மாணவர்களுக்கு நல்ல முன்னுரிமை கொடுத்தால், ஹிஸ்பானிக் மாணவர் பங்கு 14 சதவீதத்திலிருந்து 19 ஆக உயரும்; ஆசியர் பங்கு 24லிருந்து 31 ஆகும்; கறுப்பினத்தவர் பங்கோ 14லிருந்து 10 ஆகக் குறையும். ஒரே கணக்கை ஒருவர் 'ஏறத்தாழ அப்படியே இருக்கிறதே' என்று படித்தார். இன்னொருவர் 'கறுப்பின மாணவர்களில் கால்வாசிக்கு மேல் காணாமல் போகிறார்களே' என்று படித்தார்.

மாநிலங்களின் அனுபவமும் உண்டு. கலிபோர்னியா 1996இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் பொதுப் பல்கலைக்கழகங்களில் இன முன்னுரிமையைத் தடை செய்தது. தடை நடைமுறைக்கு வந்த 1998இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இடம் பெற்ற கறுப்பின மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. அதன்பின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் எல்லா வளாகங்களுக்குமாக ஏழைப் பகுதிப் பள்ளிகளோடு இணைந்து செயல்படுவது போன்ற மாற்று வழிகளுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டிருக்கிறது. ஹிஸ்பானிக் மாணவர் சேர்க்கையில் அது பெரிய பலன் தந்தது. கறுப்பின மாணவர் சேர்க்கையில் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. மிச்சிகனில் 2006இல் இதே தடை வந்தது. அங்கே இளநிலை வகுப்புகளில் கறுப்பினத்தவர் பங்கு 2006இல் 7 சதவீதமாக இருந்து 2021இல் 4 சதவீதமாகக் குறைந்தது.

அப்படியென்றால் ஏழ்மையை அளப்பதில் என்ன பிழை?

ஆண்டு வருமானத்தை மட்டும் பார்ப்பதுதான் பிழை. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில், ஒன்றுக்குத் தாத்தா வாங்கிவைத்த வீடு இருக்கிறது. மற்றொன்று மாத வாடகையில் காலம் தள்ளுகிறது. வருமானச் சான்றில் இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் இந்த வேறுபாடு இன வழியிலேயே அமைந்ததற்கு எழுத்துபூர்வமான காரணம் உண்டு. 1930களில் ஓர் அரசு நிறுவனம் நகரங்களை நான்கு நிறங்களாகப் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பில் குறிக்கப்பட்டன. அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு அரசுக் காப்பீடு மறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுந்த புதுப் புறநகர்களில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. இன்று கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் தாத்தா பாட்டி வீடு வாங்கியிருக்க வேண்டிய வயது அது.

அதன் விளைவை 2022இல் மத்திய ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கில் காணலாம். சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். அதே இடத்தில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். சம்பளத்தில் இருக்கும் இடைவெளி இவ்வளவு பெரிதன்று. ஆனால் அரசு கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பமோ, குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இனத்தால் நேர்ந்த இழப்பு எங்கே பதுங்கியிருக்கிறதோ, அந்த அறையைத் திறக்காமலே சோதனை முடிந்துவிடுகிறது.

பல்கலைக்கழகங்கள் ஏன் ஏழ்மையைவிட இனத்தையே விரும்பின?

செலவு குறைவு என்பதால். இதை நேராகச் சொல்பவர் குறைவு என்றாலும், இந்த விவாதம் முழுவதையும் புரிந்துகொள்ள இது உதவுகிறது. வசதியான கறுப்பின மாணவரைச் சேர்த்தால் கல்லூரியின் பன்முகத்தன்மை கூடும், கட்டணமும் வந்துசேரும். ஏழை மாணவர் எந்த இனத்தவராக இருந்தாலும் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் செலவு என அனைத்தையும் கல்லூரியே ஏற்க வேண்டும். ஏழை மாணவர்களுக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2024–25இல் அதிகபட்சமாக 7,395 டாலர். தனியார் கல்லூரிகளின் ஆண்டுச் செலவில் அது சிறு பங்குதான்.

இதன் பலனை ஹார்வர்டிலேயே பார்க்கலாம். 2017இல் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே படித்தவர்களில் 67 சதவீதத்தினர் நாட்டின் மேல் ஐந்தில் ஒரு பங்கு வருமானக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கீழ் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து வந்தவர்கள் 4.5 சதவீதத்தினர். இன முன்னுரிமை நடைமுறையில் இருந்த காலத்துக் கணக்கு இது. இன முன்னுரிமையால்தான் ஏழைகள் வெளியே நின்றார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இனத்தைக் கவனித்த கண், ஏழ்மையைக் கவனிக்கவில்லை என்பதே பொருள். இரண்டையும் கவனித்திருக்க முடியும். மிச்சிகனின் 20 புள்ளிப் பட்டியலில் இரண்டையும் கூட்டிக்கொள்ள விட்டிருந்தாலே போதும்.

பணக்காரர்களுக்குத் தனிச் சலுகை உண்டா?

உண்டு. ஹார்வர்டு வழக்கில் வெளிவந்த ஆவணங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அங்கே இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர் பிள்ளைகள், நன்கொடை தொடர்பான சிறப்புப் பட்டியலில் இருந்தவர்கள், ஆசிரியர், ஊழியர் பிள்ளைகள் ஆகிய வகையினர் என்று கண்டனர். மற்ற மூன்று பெரிய இனப் பிரிவுகளில் இது 16 சதவீதத்துக்கும் கீழே. செட்டி குழுவின் 2023ஆம் ஆண்டு ஆய்வு, ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் இருந்தாலும், நடுத்தர வர்க்கப் பிள்ளையைவிட, மேல் ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை மேட்டுக்குடிக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று காட்டியது. இந்தச் சலுகையை 2023 தீர்ப்பு தொடவே இல்லை. சில கல்லூரிகள் தாமாகவே வாரிசுச் சலுகையைக் கைவிட்டுள்ளன. கலிபோர்னியா 2024இல் இயற்றிய சட்டம் தனியார் கல்லூரிகளுக்கும் அதைத் தடை செய்கிறது.

ஏழ்மையை ஒழுங்காக அளந்து பலன் கண்ட இடம் ஏதேனும் உண்டா?

பாக்கி வழக்கின் அதே டேவிஸ் மருத்துவக் கல்லூரியைத்தான் இதற்கும் காட்ட வேண்டும். மாநிலத் தடை காரணமாக இனத்தைப் பார்க்க முடியாத நிலையில், அது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 0 முதல் 99 வரை ஓர் இடர்ப்பாட்டு மதிப்பெண் போடுகிறது. குடும்ப வருமானத்தோடு நிற்காமல், பெற்றோர் கல்லூரி வாசலை மிதித்தவர்களா, மருத்துவ வசதி குறைந்த பகுதியிலிருந்து வந்தவரா, படிக்கும் காலத்திலேயே வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவரா என்றெல்லாம் பார்க்கிறது. 2023 தீர்ப்பு வந்த சமயத்தில் அங்கே முதலாண்டில் இருந்த 133 பேரில் 14 சதவீதத்தினர் கறுப்பினத்தவர், 30 சதவீதத்தினர் ஹிஸ்பானிக். 42 சதவீதத்தினர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள்.

டெக்சாஸ் வேறு வழியில் போனது. 1997ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீத இடத்தைப் பிடித்தவர்களுக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது. பள்ளிகள் இன்னும் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால்தான் இது வேலை செய்கிறது என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆசிய அமெரிக்கர்களுக்கு இதில் லாபமா, நட்டமா?

இன முன்னுரிமையை எதிர்த்த வழக்கில் முன்னிறுத்தப்பட்டவர்கள் அவர்களே. ஹார்வர்டு அதிகாரிகள் போட்ட 'தனிப்பட்ட பண்பு' மதிப்பீட்டில் ஆசிய மாணவர்கள் சராசரியாகக் குறைவாகப் பெற்றது அவ்வழக்கின் வலுவான புள்ளி. அதற்குத் திருப்தியான விளக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம். ஆனால் ஏழ்மையை அளவுகோலாக்கினால், தகவல் தொழில்நுட்ப வேலையில் இருக்கும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதுவும் சாதகமாக இராது. வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை நீக்கி, வெவ்வேறு பள்ளிகளுக்கு இடம் கொடுத்து, ஏழ்மையையும் கருதத் தொடங்கியபோது, ஏழை மாணவர் பங்கு ஒரு சதவீதத்துக்குக் கீழிருந்து 25 சதவீதமானது. ஆசியர் பங்கு 73லிருந்து 54 ஆனது. ஏழை ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த மாற்றத்தால்தான் கூடுதலாக உள்ளே வந்தார்கள். அதை எதிர்த்த வழக்கை விசாரிக்க 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தமிழ்நாட்டு அனுபவம் இதில் ஏதாவது சொல்கிறதா?

இரண்டு செய்திகள் பொருத்தமானவை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டைப் பெற ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39 தொகுதிகளில் 2இல் மட்டுமே வென்றது. ஆணை திரும்பப் பெறப்பட்டு, ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டது. சாதியால் வந்த இழிவை வருமானத்தால் அளக்க முடியாது என்ற வாதமே அன்று வென்றது.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் தரப்பட்ட 7.5 சதவீதம் வேறு வகை. அது சாதிவாரி ஒதுக்கீட்டை அகற்றவில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஏழைப் பிள்ளையை முன்னே கொண்டுவந்தது. வருமானச் சான்றுக்குப் பதிலாக, படித்த பள்ளியைக் கேட்டது. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று எப்படிக் கிடைக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அமெரிக்கர்கள் இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டு அளவுகோல்களை ஒன்றுக்கு மாற்றாக நிறுத்தாமல், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த ஏற்பாடு அது.

முன்னுரிமையில் சேர்ந்தவர்கள் படிப்பில் தோற்றுப்போகிறார்களா?

பெரும்பான்மைச் சான்று அப்படிச் சொல்லவில்லை. பிரின்ஸ்டன், ஹார்வர்டு முன்னாள் தலைவர்களான வில்லியம் போவனும் டெரெக் போக்கும் 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, கடினமான போட்டியுள்ள கல்லூரிகளில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் பட்டம் பெறும் வீதம் கூடுதலாக இருந்ததையே காட்டியது.

தீர்ப்புக்குப் பிறகு சேர்க்கை எப்படி மாறியது?

கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. 2024இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்த புதிய மாணவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 13 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், ஆம்ஹர்ஸ்டில் 11லிருந்து 3 ஆகவும் விழுந்தது. ஹார்வர்டில் 18லிருந்து 14 ஆனது. யேலில் 14 சதவீதமாக அப்படியே நின்றது. மறுபுறம், ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025–26 கல்வியாண்டிலிருந்து நடைமுறைப்படுத்தின. பெரும் நிதி இருப்பு வைத்திருக்கும் கல்லூரிகளால் இது முடியும். மற்றவற்றுக்கு அரசு கைகொடுக்காமல் முடியாது.

இப்போது விண்ணப்பிக்கும் மாணவர் இனத்தைக் குறிப்பிடலாமா?

பொது விண்ணப்பப் படிவத்தில் இனம் பற்றிய கட்டம் இன்னும் இருக்கிறது. அதை நிரப்புவது கட்டாயமன்று. முடிவெடுப்போரின் கண்ணில் படாமல் அதை மறைத்துவைக்கக் கல்லூரிகளுக்கு வசதி செய்யப்பட்டுள்ளது. கட்டுரையில் எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் 'நான் இன்ன இனத்தவன்' என்பதற்கு மதிப்பில்லை, அதனால் என்ன நேர்ந்தது, என்ன செய்தேன் என்பதற்கே மதிப்பு. பெற்றோரின் படிப்பு, வேலை ஆகிய கட்டங்களைக் காலியாக விடாமல் நிரப்புவது நல்லது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர் என்பதையும், பள்ளி முடிந்து கடையில் வேலை பார்த்தது, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது ஆகியவற்றையும் கல்லூரிகள் சட்டப்படி கருதலாம். இவற்றை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடும் பிள்ளைகளே அதிகம் என்பதால், விண்ணப்பத்தில் செயல்பாடுகளைக் கேட்கும் பகுதியிலேயே வீட்டுப் பொறுப்புகளையும் சம்பள வேலையையும் குறிப்பிடுவது பயன் தரும்.